'டேக் ஆஃப்' என்பதற்கு எதிர்ச்சொல் எது?

பள்ளத்தூர் அம்மா
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் 'டேக் ஆஃப்' என்று மட்டும் போட்டு எதிர்ச்சொல் கேட்டிருக்காக. வாக்கியம் எதுவும் இல்லை. இவள் 'லேண்ட்' என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு 'புட் ஆன்' என்று திருத்தி வந்திருக்கு. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை 'டேக் ஆன்' என்று எழுதி, அதுக்கும் மார்க் இல்லை. "பிளேன் டேக் ஆஃப் ஆகுது, அப்புறம் லேண்ட் ஆகுது, இதுல என்னம்மா தப்பு?" என்று கேக்குறா. என்கிட்ட பதில் இல்லை. தெரிஞ்சவுக சொல்லுங்க.

புதுவயல் கடைக்காரர்
ஆஃபுக்கு எதிர் ஆன். சுவிட்சுக்கு ஆன், ஆஃப் இருக்குல்ல? அப்ப அந்தப் பக்கத்துப் பிள்ளை எழுதுனதுதானே சரியா இருக்கணும்? 'புட்' எங்கேயிருந்து வந்துச்சு?

கோட்டையூர் டீச்சர்
அம்மா, உங்க மகள் எழுதியது தப்பில்லை. திருத்திக் கொடுத்த விடையும் தப்பில்லை. கேள்விதான் அரைகுறையாக வந்திருக்கிறது. இந்த வினைக்குப் பொருள் ஒன்றல்ல, ஏழெட்டு இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிர்ச்சொல் தனித்தனி. வாக்கியம் இல்லாமல் எதிர்ச்சொல் கேட்கவே கூடாது.

கடைக்கார அண்ணன் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் யோசிப்பார்கள். 'டேக் ஆன்' என்று ஒரு வினை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால் 'டேக் ஆன்'. அரவை மில்லில் புதிதாக ஆள் எடுத்தால் 'டேக் ஆன்'. நம்மைவிடப் பலமான அணியோடு மோதினால் அதுவும் 'டேக் ஆன்'. பொறுப்பை ஏற்பதற்கு எதிர் 'டர்ன் டவுன்', அதாவது மறுப்பது. ஆள் எடுப்பதற்கு எதிர் 'லே ஆஃப்', வேலையில்லை என்று அனுப்பிவிடுவது. சுவிட்சுக்கு நடக்கிற ஆன், ஆஃப் கணக்கு இங்கே நடக்காது.

இப்போது 'டேக் ஆஃப்'. வினைக்குப் பின்னால் செயப்படுபொருள், அதாவது 'எதை?' என்ற கேள்விக்கு விடையான சொல், நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றை அகற்றுவது. நிற்காவிட்டால் கிளம்புவது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றால் ஷூவைக் கழற்று. பின்னால் ஷூ நிற்கிறது. எதிர்: 'புட் ஆன் யுவர் ஷூஸ்'. நாம் செருப்பைக் கழற்றுகிறோம், வேட்டியை அவிழ்க்கிறோம், தலையில் வைத்த பூவை எடுக்கிறோம், கழுத்து மாலையைக் கழற்றுகிறோம். உடம்பில் இருக்கும் எதை அகற்றினாலும் அவர்களுக்கு அந்த ஒரே வினை போதும். திரும்பப் போட்டுக்கொள்ளவும் ஒரே வினைதான்.

'தி பிளேன் டுக் ஆஃப்' என்றால் விமானம் மேலெழும்பியது. பின்னால் எதுவும் இல்லை. எதிர்: 'லேண்ட்', அல்லது சக்கரம் தரையைத் தொட்டதைச் சொல்லும் 'டச் டவுன்'. விமானத்துக்குப் 'புட் ஆன்' வரவே வராது.

மகளிடம் சொல்லுங்கள், அவள் மனதில் இருந்த வாக்கியத்துக்கு அவள் எழுதிய எதிர்ச்சொல் சரிதான்.

பள்ளத்தூர் அம்மா
டீச்சர், ரொம்ப நன்றி. படிச்சுக் காட்டினேன், முகம் தெளிஞ்சுருச்சு. 'வேர்' என்று எழுதினால் சரியா வருமா என்று இன்னொன்று கேக்குறா.

கோட்டையூர் டீச்சர்
நல்ல கேள்வி. 'புட் ஆன்' என்பது உடுத்துகிற அந்தச் செயல். 'வேர்' என்பது உடுத்தியிருக்கிற நிலை. "கல்யாணத்துக்குப் போக ஆச்சி கண்டாங்கிச் சேலை கட்டினாக" என்றால் முதல் வினை. "பந்தியில் பார்த்தப்ப கண்டாங்கிதான் கட்டியிருந்தாக" என்றால் இரண்டாவது, 'ஷி வாஸ் வேரிங்'. கழற்றுவது ஒரு செயல், ஆகவே அதற்கு எதிராக நிற்கவேண்டியதும் செயல்தான். 'வேர்' பொருந்தாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றும் சொல்லலாம், 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'அவற்றை' என்ற பதிலிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இலக்கணப்படி அது பிழை, காதுக்கும் இடிக்கும். 'புட் ஆன்' வினைக்கும் இதே விதி: 'புட் தெம் ஆன்'. விமானப் பொருளில் நடுவில் நுழைக்க எதுவும் கிடையாது, அங்கே வினை பிரியாது.

கானாடுகாத்தான் வழிகாட்டி
டீச்சருக்கு வணக்கம். நான் இங்கே பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுறவன். முகப்புக்குப் பக்கத்துல 'ரிமூவ் ஃபுட்வேர்'னு ஒரு போர்டு வச்சிருக்கு. வாற வெள்ளைக்காரங்க படிச்சுட்டு ஷூவோட ஏறிடுறாங்க, அப்புறம் நான் வாயால சொல்ல வேண்டியிருக்கு. தரை ஆத்தங்குடிக் கல்லு, சூளையில சுட்ட கல்லு இல்ல. கண்ணாடிமேல சாயம் ஊத்தி, மணலும் சிமென்டும் போட்டுக் கையால செஞ்சு, தண்ணியில ஊறவச்சு எடுக்குறது. ஷூவுல ஒட்டின பொடிமண்ணு தேச்சா மேல் பளபளப்பு போயிரும். காலு பட்டாத்தான் அதுக்கு மெருகு.

போர்டுல 'டேக் ஆஃப்'னு மாத்தினா மரியாதைக்குறைவா இருக்குமா?

இன்னொன்னு. போன வாரம் வந்த தம்பதி, 'வி ஆர் டேக்கிங் ஆஃப் அட் சிக்ஸ்'னு சொன்னாக. இங்கே விமான நிலையம் ஏது? இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுபாதை ஒண்ணு செட்டிநாட்டுல கிடக்கு, அதுல எதுவும் ஏறி இறங்குறது இல்லை. கார்லதான் தஞ்சாவூர் போனாக. அது சரியான பேச்சா?

கோட்டையூர் டீச்சர்
தம்பி, இரண்டாவதிலிருந்து வருகிறேன். அது சரியான பேச்சுத்தான், வீட்டுப் பேச்சு. மனிதர்கள் புறப்படுவதையும் அப்படிச் சொல்வதுண்டு. அதில் ஒரு வேகம், சில நேரம் ஒரு திடீர்த்தனம் இருக்கும். 'ஹி டுக் ஆஃப் வித்தவுட் அ வேர்ட்' என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். இதற்கு எதிர் 'லேண்ட்' ஆகாது, 'ஸ்டே'. பேச்சு வழக்கில் 'ஸ்டிக் அரவுண்ட்' என்றும் சொல்வார்கள். வராதவன் வந்து நின்றால் 'டர்ன் அப்' அல்லது 'ஷோ அப்'.

நாம் இதைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்பமாட்டோம், "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வோம். 'டேக் ஆஃப்' என்பதில் திரும்பி வருகிற அந்தக் குறிப்பு கிடையாது. நண்பர்களிடம் சொல்லலாம். பெரியவர்களிடமும் அலுவலகக் கடிதத்திலும் 'லீவ்' போதும்.

போர்டு விஷயம்: 'ரிமூவ்' என்பது பிழையில்லை, ஆனால் சட்டம் பேசுகிற குரல். 'ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷூஸ் ஹியர்' என்று எழுதுங்கள். 'ப்ளீஸ்' மரியாதையைத் தருகிறது. 'ஹியர்' என்ற சொல் எந்த இடத்தில் கழற்றவேண்டும் என்பதைக் காட்டுகிறது. உங்கள் போர்டில் இல்லாதது அந்த இடக்குறிப்புத்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது வரியாகத் தரை கைவேலை என்பதையும் சேர்த்துவிடுங்கள். காரணம் தெரிந்தால் எல்லாரும் கழற்றுவார்கள்.

தேவகோட்டை பி.டி. சார்
எங்க பக்கமும் இந்தச் சொல் இருக்கு. நீளம் தாண்டுதலில் பையன் ஓடிவந்து மிதித்து எழும்புற பலகைக்கு 'டேக் ஆஃப் போர்டு' என்றுதான் பேர். 20 சென்டிமீட்டர் அகலம். எழும்பும்போது அதன் முன்விளிம்பைக் கால் தாண்டினால் ஃபவுல். இங்கேயும் எதிர் 'லேண்டிங்', மணல்குழிக்குப் பேரே 'லேண்டிங் ஏரியா'. டீச்சர் சொன்ன சோதனை இதுக்கும் பொருந்துது: தாண்டுறவன் எதையும் கழற்றவில்லை, அவனே தரையை விட்டு எழும்புறான்.

கோட்டையூர் டீச்சர்
சார் சொன்னதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வினையாக வரும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். பெயர்ச்சொல்லாக, அந்தப் பலகையின் பெயரில் வருவதுபோல வந்தால், அழுத்தம் 'டேக்' மேல் போய்விடும். எழுத்திலும் வினை இரண்டு சொல்லாக நிற்கும், பெயர் நடுவில் சிறுகோடு போட்டோ சேர்த்தோ எழுதப்படும். கேட்டல் பயிற்சியில் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

திருச்சி ஏர்போர்ட் தம்பி
சொந்த ஊர் காரைக்குடி, வேலை திருச்சி விமான நிலையத்தில். நம்ம ஊர்ச் சனம் சிங்கப்பூர், மலேசியா போக 90 கிலோமீட்டர் கார் பிடிச்சு இங்கேதான் வருது. வழியனுப்ப வந்தவுக கேக்குற முதல் கேள்வி, "போர்டுல 11:30 போட்டிருக்கு, மணி 11:40 ஆச்சு, இன்னும் பறக்கலையே?"

போர்டில் இருப்பது 'டிபார்ச்சர்'. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர வேண்டிய நேரம் அது. அப்புறம் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போய், அனுமதி வாங்கி, வேகமெடுத்து எழும்புவதுதான் 'டேக் ஆஃப்'. இரண்டுக்கும் நடுவில் பத்து இருபது நிமிஷம் போவது சாதாரணம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்வோம், தொழிலில் சொல்லக் கூடாது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கு.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் டெனெரிஃப் என்ற தீவு. லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம்., இன்னொன்று அமெரிக்காவின் பான் ஆம். கே.எல்.எம். துணை விமானி ரேடியோவில் சொன்னது: 'வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்'. அவர்கள் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் அதை, எழும்பத் தயாராக நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். "சரி... காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னார். அதே நொடியில், ஓடுபாதையில்தான் இன்னும் இருக்கிறோம் என்று பான் ஆம் பேச, இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சலானது. கே.எல்.எம்.காரர்களுக்கு முழுசாகக் கேட்டது 'ஓகே' மட்டும். இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் விபத்தாக நடந்தவற்றில் இவ்வளவு உயிர் போனது வேறெதிலும் இல்லை.

அதுக்கப்புறம் வழக்கத்தை மாற்றினார்கள். எழும்ப அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் கோபுரம் 'டேக் ஆஃப்' என்று உச்சரிக்கும். மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'. எங்களுக்குப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தப்ப வகுப்பே அமைதியாயிருச்சு.

எதிர்ச்சொல் கேட்டீர்கள் அல்லவா, தொழிலில் இன்னொரு வகையும் உண்டு. ஓடத் தொடங்கி, எழும்பாமல் நிறுத்தினால் 'ரிஜெக்டட் டேக் ஆஃப்'. இறங்க வந்து, இறங்காமல் மறுபடி மேலே போனால் 'கோ அரவுண்ட்'. ஓடும்போது 'வி ஒன்' என்று ஒரு வேகம் குறித்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்தும் முடிவு கிடையாது, எழும்பித்தான் ஆகணும்.

கோட்டையூர் டீச்சர்
தம்பி, இதை இத்தனை தெளிவாக எழுதியதற்கு நன்றி. ஆங்கில ஆசிரியர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பதிவு. அந்த வாக்கியத்தில் குழப்பம் விளைந்தது 'அட்' என்ற சின்னச் சொல்லால். 'வி ஆர் டேக்கிங் ஆஃப்' என்று வினையாகச் சொல்லியிருந்தால் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது தெளிவு. 'அட்' போட்டுப் பெயர்ச்சொல்லாக்கியதும் அது இடமா செயலா என்று தெரியாமல் போய்விட்டது. வினைக்கும் பெயருக்கும் வேறுபாடு கற்றுக்கொடுக்கும்போது, இதெல்லாம் மார்க்குக்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

காரைக்குடி போட்டித்தேர்வு
டீச்சர் மேல மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு சுமை எதுக்கு? கழற்றுறதுக்கு 'ரிமூவ்', கிளம்புறதுக்கு 'டிபார்ட்', கழிக்கிறதுக்கு 'டிடக்ட்', நிறுத்துறதுக்கு 'வித்ட்ரா'. ஒரு சொல், ஒரு பொருள். எதிர்ச்சொல்லும் சுலபம். அரசுத் தேர்வுக் கடிதங்களில் இந்த மாதிரிச் சொற்கள்தான் மதிப்பெண் வாங்கித் தருது. கிராமத்துப் பள்ளியிலிருந்து வாற பிள்ளைக்கு இந்த இரண்டு சொல் வினைகள் பெரிய சுவர். நானே அந்தச் சுவரில் முட்டினவன்.

கோட்டையூர் டீச்சர்
சுவர் என்பது உண்மை, மறுக்கவில்லை. எழுதுவதற்கு நீங்கள் சொல்வதும் சரி. ஆனால் கேட்பதற்கு என்ன செய்வீர்கள்? மருத்துவமனையில் செவிலியர் 'டேக் யுவர் ஷர்ட் ஆஃப்' என்றுதான் சொல்வார். அடுப்படியில் 'டேக் இட் ஆஃப் தி ஹீட்' என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் லத்தீனிலிருந்து வந்த இந்த ஒற்றைச் சொற்கள் அவர்களுக்கு ஏட்டுமொழி. இந்த இரண்டு சொல் வினைகள் வீட்டுமொழி. நம் பிள்ளை வெளிநாடு போனால் முதல் நாள் காதில் விழுவது வீட்டுமொழிதான். பேசுவதற்கு எளிய சொல்லைத் தேர்ந்துகொள்ளலாம், அது நம் கையில். எதிரில் இருப்பவர் எந்தச் சொல்லைப் பேசுவார் என்பது நம் கையில் இல்லை.

காரைக்குடி போட்டித்தேர்வு
கேட்பதற்கு வேணும், ஒத்துக்கொள்கிறேன். எழுதச் சொல்லி மார்க் குறைப்பது மட்டும் நியாயமில்லை என்று இப்பவும் நினைக்கிறேன்.

சிங்கை நாட்டரசன்கோட்டையார்
இந்த விவாதத்தை இன்றுதான் பார்த்தேன். ஆப்பச்சட்டியும் பணியாரச்சட்டியும் கப்பலேறிப் போன குடும்பம் எங்களுடையது. ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர், நான் இங்கே சிங்கப்பூரில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்குக்காரனுக்குத் தெரிந்த 'டேக் ஆஃப்' இன்னும் யாரும் சொல்லவில்லை.

'டேக் டென் டாலர்ஸ் ஆஃப் தி பில்' என்றால் மொத்தத்தில் பத்து வெள்ளியைக் கழி. இதற்கு எதிர் 'ஆட் ஆன்'. விலையை ஏற்றினால் 'புட் டென் டாலர்ஸ் ஆன் தி ப்ரைஸ்' என்றும் சொல்வார்கள். இங்கே ஆடைக்கு வந்த அதே 'புட்... ஆன்' வேறு வேலைக்கு வருகிறது பாருங்கள்.

அடுத்தது விடுப்பு. 'ஐ டுக் மண்டே ஆஃப்' என்றால் திங்கட்கிழமை லீவு எடுத்தேன். நாளின் பெயர் நடுவில் நிற்பதே வழக்கம். இதற்கு ஒற்றை எதிர்ச்சொல் கிடையாது. 'புட் மண்டே ஆன்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'கோ பேக் டு ஒர்க்' அல்லது 'ஒர்க் ஆன் மண்டே' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். எதிர்ச்சொல்லே இல்லாத பொருளும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், டீச்சர். நம் ஊரில் "நாளைக்கு எனக்கு ஆஃப்" என்று பெயராகவே ஆக்கிவிட்டோம். ஆங்கிலேயர் 'டே ஆஃப்' என்பார்கள், இந்தப் பொருளில் பெயராகத் தனி 'ஆஃப்' அவர்களுக்குக் கிடையாது.

இங்கிலாந்துக்காரர்களிடம் மட்டும் நான் கேட்டது ஒன்று: ஒருவர் போல் பேசி நடித்துக் காட்டினால் 'டேக் ஹிம் ஆஃப்'. மிமிக்ரி. அந்த நடிப்புக்கே 'டேக் ஆஃப்' என்று பெயர். இதற்கும் எதிர்ச்சொல் தேடாதீர்கள்.

கோட்டையூர் டீச்சர்
ஐயா, அருமை. உங்கள் பதிவோடு ஒரு பழைய செய்தியைச் சேர்க்கிறேன். ஆங்கிலத்தில் ஆடைக்கு 'டான்', 'டாஃப்' என்று இரண்டு சொல் உண்டு. உடுத்து, கழற்று. 'டு ஆன்', 'டு ஆஃப்' என்று இரண்டு சொல்லாக இருந்தவை ஒட்டிப்போய் ஒற்றைச் சொல்லாயின. இன்று தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதற்கு 'டாஃப்' என்று எழுத்தில் வரும், மருத்துவமனையில் பாதுகாப்பு உடை போடுவதற்கும் கழற்றுவதற்கும் 'டானிங்', 'டாஃபிங்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆன், ஆஃப் நேரெதிராக நிற்கும் சோடி வேண்டுமென்றால் கடைக்கார அண்ணனுக்கு இதைத் தரலாம்.

புதுவயல் கடைக்காரர்
வாங்கிக்கிட்டேன் டீச்சர். இது மனசுல நிக்கும். கடையில ஒரு சந்தேகம். புது மசால் பொடி ஒண்ணு போட்டோம், மொத மூணு மாசம் யாரும் சீண்டல, தீபாவளிக்குப் பிறகு ஓட்டம் பிடிச்சுருச்சு. பையன் 'இட் டுக் ஆஃப்'ங்குறான். பொடிக்கும் ரெக்கையா?

காரைக்குடி எம்.ஏ. பொருளியல்
அண்ணே, பையன் சொன்னது சரி. ஒரு தொழில், ஒரு பாட்டு, ஒரு பழக்கம் திடீரென்று சூடுபிடித்துப் பரவினால் அப்படித்தான் சொல்வார்கள். எதிர் 'லேண்ட்' இல்லை. படுத்துவிட்டது என்றால் 'ஃப்ளாப்', நன்றாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டால் 'ஃபிஸில் அவுட்', தொடக்கத்திலேயே எழும்பவில்லை என்றால் 'நெவர் காட் ஆஃப் தி கிரவுண்ட்'. உங்க பொடி முதல் மூன்று மாதம் இந்தக் கடைசி வகை.

எங்க பாடத்தில் இது கலைச்சொல்லே ஆகிவிட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் ரோஸ்டோவ் 1960-இல் நாடுகளின் வளர்ச்சியை ஐந்து கட்டமாகப் பிரித்தார். மூன்றாவது கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'டேக் ஆஃப்'. தேசிய வருமானத்தில் முதலீடு 5 சதவீதமளவில் இருந்தது 10 சதவீதத்துக்கு மேல் போகும் காலம் அது. பிரிட்டனுக்கு 1783 முதல் 1802 வரை என்றார், இந்தியாவுக்கு 1952-இல் தொடக்கம் என்று குறித்தார். இத்தனை ஒழுங்காக எல்லா நாடும் ஒரே படிக்கட்டில் ஏறுமா என்று பின்னால் வந்தவர்கள் கடுமையாக மறுத்தார்கள். எனக்கும் அந்த மறுப்புத்தான் சரியென்று படுகிறது. பர்மாவில் லேவாதேவி செய்த நம் ஊர்ப் பணம் 1930-களின் பெருமந்தத்திலும் அப்புறம் போரிலும் என்ன ஆனது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஏறினது இறங்காது என்ற கோட்பாட்டில் நம்பிக்கை வராது.

சிங்கை நாட்டரசன்கோட்டையார்
அதை ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடனுக்கு ஈடாக வந்த நெல்வயல்கள் கையில் நின்றன, பணம் திரும்பவில்லை. அதற்குத் தனியாக ஒரு விவாதம் வேண்டும் தம்பி.

பள்ளத்தூர் அம்மா
மகள் தானாகவே வாக்கியம் எழுதியிருக்கா, திருத்திக் கொடுங்க டீச்சர். ஒன்று: 'ஐ டுக் ஆஃப் இட்', மோதிரத்தைச் சொல்லி. இரண்டு: 'தி பிளேன் வாஸ் டேக்கன் ஆஃப் அட் டென்'. மூன்று: 'ஆயா டுக் தி பணியாரச்சட்டி ஆஃப் தி ஸ்டவ்'. நான்கு: 'ஹி கேன்னாட் டேக் ஹிஸ் ஐஸ் ஆஃப் தி டிவி'.

கோட்டையூர் டீச்சர்
முதலாவது 'ஐ டுக் இட் ஆஃப்' என்று வரவேண்டும், நடுவிதி. இரண்டாவதைச் செயப்பாட்டில் எழுதக் கூடாது, விமானம் தானே எழும்புகிறது: 'தி பிளேன் டுக் ஆஃப் அட் டென்'. ஊரைச் சேர்த்தால் 'ஃப்ரம் திருச்சி' என்று 'ஃப்ரம்' வேண்டும். மூன்றாவது மிகச் சரி. அதற்கு எதிர் 'புட் இட் ஆன் தி ஸ்டவ்'. நான்காவதும் சரி, அவளே இதைத் தேடி எழுதியது எனக்குச் சந்தோஷம். கண்ணை எடுக்க முடியவில்லை என்பதற்கு ஆங்கிலத்திலும் அதே வினை. பேச்சில் 'கான்ட்' என்று சுருக்கிவிட்டால் இன்னும் இயல்பு.

உடம்பு எடைக்கும் இந்தச் சோடி வரும். சதை போட்டால் 'புட் ஆன் வெயிட்'. குறைத்தால் 'டேக் ஆஃப் வெயிட்' என்றும் சொல்லலாம், ஆனால் வழக்கில் 'லூஸ் வெயிட்' தான் அதிகம். எதிர்ச்சொல் இருந்தாலும் மக்கள் வேறொன்றைப் பழகியிருப்பார்கள். அகராதியோடு காதும் வேண்டும்.

கானாடுகாத்தான் வழிகாட்டி
டீச்சர், கடைசியா ஒண்ணு. நம்ம ஊர் வழியாப் போன ராத்திரி பஸ்ஸை நிறுத்திட்டாக. பழைய கைடுபுக் பார்த்து வாறவுக அதை நம்பி ராத்திரி ரோட்டுல நிக்கிறாக. அவுகளுக்கு வாட்ஸ்ஆப்ல முன்கூட்டியே ஒரு வரி அனுப்பணும். 'தி நைட் பஸ் ஹேஸ் பீன் டேக்கன் ஆஃப்'னு போடலாமா?

கோட்டையூர் டீச்சர்
இங்கிலாந்துக்காரருக்குப் புரியும். பஸ், ரயில், நாடகம் என ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினால் அங்கே அப்படிச் சொல்வார்கள். எதிர் 'புட் ஆன்', கூடுதல் பஸ் விட்டால் 'தே புட் ஆன் அன் எக்ஸ்ட்ரா பஸ்'. ஆனால் உங்களிடம் வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், அமெரிக்கர் எல்லாரும் உண்டு. பஸ் எழும்பிப் போய்விட்டது என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் நம் போட்டித்தேர்வுத் தம்பி சொன்ன பக்கம்தான் நானும். 'தேர் இஸ் நோ நைட் பஸ் நவ். ப்ளீஸ் புக் அ டாக்ஸி பிஃபோர் எய்ட்' என்று அனுப்புங்கள். எட்டு மணிக்கு மேல் அங்கே வண்டி கிடைக்காது என்றால் அந்த நேரத்தையே போடுங்கள்.

கானாடுகாத்தான் வழிகாட்டி
ஏழு மணின்னு போடுறேன் டீச்சர், எட்டுக்கு டிரைவர் வீட்டுக்குப் போயிருவாரு. போர்டும் எழுதக் கொடுத்தாச்சு, கீழே தரையைப் பத்தி ஒரு வரி சேர்த்திருக்கேன்.